டயர் எப்போது கைவிடும்?

குமரி மாவட்டத்தில் பனி கொட்டுவதில்லை. மார்கழி விடியலில்கூட நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி, பின்லாந்து, கனடா என்று போய்விட்ட பிள்ளைகள் இங்கே நிறைய. போன இடத்தில் பஸ் கட்டணத்தைப் பார்த்து மலைத்து, பழைய ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கிவிடுவார்கள். நவம்பர் பிறந்ததும் வீடியோ காலில் பஞ்சாயத்து தொடங்கும்: “ஐஸ்ல சைக்கிள் ஓட்டாண்டாம் மக்களே, பஸ்ல போ.”

அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பேச வேண்டுமானால், டயர் சாலையை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஆடிச் சாரலில் திருவட்டாரிலிருந்து குலசேகரம் போகிறவருக்கும் உதவும். ஊர்தான் வேறு, கணக்கு ஒன்று.

ரோடு சைக்கிள் என்பது வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் வைத்து, தார்ச்சாலையில் வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டி. பழைய வண்டிகளில் டயரின் அகலம் 23 மில்லிமீட்டர். இப்போது 28, 32 என்று வருகிறது. ஓட்டுகிறவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 50 கிலோ பின்சக்கரத்தில் விழும். டயரில் காற்று 100 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ அழுத்தம். 50-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். சாலையைத் தொடும் இடம் 7 சதுர சென்டிமீட்டர்தான். கட்டைவிரலை அழுத்தி வைத்தால் பதிகிற அளவு. முன்சக்கரத்துக்கு அதைவிடக் குறைவு. இந்த இரண்டு கட்டைவிரல் இடத்தை நம்பித்தான் நாம் வளைகிறோம், பிரேக் பிடிக்கிறோம், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறோம்.

அந்த இடத்தில் ரப்பர் தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிக் கவ்விக்கொள்கிறது. எவ்வளவு கவ்வும் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வுக் குணகம்தான் அளவு. காய்ந்த தாரில் அது சுமார் 0.7 முதல் 0.9 வரை. நனைந்த தாரில் 0.4 முதல் 0.6. வண்டிகள் ஏறி இறுகிய பனியில் 0.2 பக்கம். ஐஸில் 0.1, அந்த ஐஸ் மேலே ஈரமாகவும் இருந்தால் அதிலும் பாதி.

இந்த எண்களைப் பிரேக் பிடிக்கும் தூரமாக மாற்றினால்தான் உறைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், சாதாரண வேகம்தான். காய்ந்த சாலையில் பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து 3 மீட்டரில் நிற்கலாம். (அங்கே டயர் இன்னும் தாங்கும், அதற்குள் பின்சக்கரம் தூக்கி நம்மைக் குப்புறத் தள்ளப் பார்க்கும் என்பதால்தான் அதற்குக் குறைய முடியாது.) நனைந்த தாரில் குணகம் 0.4 என்றால் 4 மீட்டர். இறுகிய பனியில் 8. ஐஸில் 16. மூளை யோசித்துக் கை பிரேக்குக்குப் போகும் நேரத்தில் வண்டி ஓடுகிற தூரம் இதில் சேரவில்லை. வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் அந்த 16 மீட்டர் 4 ஆகிவிடும். வழுக்கும் சாலையில் மெதுவாகப் போ என்று சொல்வது வெறும் பயத்தில் அல்ல என்பது இதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். பிரேக்குக்கு ஒரு பிடிமானம், வளைவுக்கு ஒரு பிடிமானம் என்று டயர் தனித்தனியாக வைத்திருப்பதில்லை. மாதச் சம்பளம் மாதிரி ஒரே தொகை. வாடகையும் அதிலிருந்துதான், மளிகையும் அதிலிருந்துதான். பிரேக்குக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வளைவதற்கு எதுவும் மிஞ்சாது. நிஜக் கணக்கு சம்பளத்தைவிடக் கொஞ்சம் தாராளமானது. இரண்டு விசையும் செங்கோணத்தில் இருப்பதால் பிதாகரஸ் தேற்றப்படிதான் கூட்ட வேண்டும்: பிரேக்குக்கு 60 சதவீதம் எடுத்தால் வளைவுக்கு 80 சதவீதம் கிடைக்கும், 80 எடுத்தால் 60 கிடைக்கும். ஆனால் 100 எடுத்தால் பூஜ்யம்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவது அந்த நிலை. அப்போது ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் பாட்டுக்கு நேரே போகும்.

காய்ந்த சாலையில் இந்தத் தொகை பெரிது. வளைந்துகொண்டே பிரேக் பிடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பழக்கம் நமக்கு ஊறிப்போகிறது. மழையில் தொகை பாதியாகிறது, ஐஸில் எட்டில் ஒரு பங்காகிறது, பழக்கம் மட்டும் மாறாமல் இருக்கிறது. விழுகிறவர்களில் பலர் வேகத்தால் விழுவதில்லை, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்து விழுகிறார்கள் என்பது என் எண்ணம். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டு, அப்புறம் வளைய வேண்டும். வளைந்து முடித்து வண்டி நிமிர்ந்த பிறகுதான் அழுத்தி மிதிக்க வேண்டும்.

வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சைக்கிள் வளையும்போது சாய்கிறது. எவ்வளவு சாயலாம் என்பதைத் தீர்மானிப்பது அதே குணகம்: 0.7 என்றால் 35 டிகிரி வரை, 0.4 என்றால் 22, 0.1 என்றால் 6 டிகிரிகூட இல்லை. 6 டிகிரி சாய்வு என்பது பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு நேராகப் போவதாகவே தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஐஸ் மேல் திரும்ப வேண்டுமென்றால் 30 மீட்டருக்கு மேல் ஆரம் உள்ள வட்டம் வேண்டும். நம் ஊர்த் தெருமுனை எதுவும் அந்த அகலத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஐஸில் போகிறவர்கள் நடக்கிற வேகத்துக்கு இறங்கித் திரும்புவதும், முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் இதனால்தான்.

காருக்கும் இதே குணகம்தானே, பிறகு ஏன் சைக்கிளுக்கு மட்டும் இவ்வளவு பயம்? கார் சறுக்கினாலும் நான்கு காலில் நிற்கும். சைக்கிள் நிற்பதே ஒரு வித்தையால். வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கினால், நமக்கே தெரியாமல் கை ஹேண்டிலை இடப்பக்கம் லேசாகத் திருப்பும். சக்கரம் நம் உடம்பின் அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது. அதைச் செய்வது முன்சக்கரம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், பிரேக்கை விட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கும் கருவியே போய்விடுகிறது. என்ன நடந்தது என்று புரியும் முன் தோளும் இடுப்பும் தரையில் இருக்கும். காய்ந்த சாலையில் முன்பிரேக்தான் ராஜா. ஐஸில் அதைத் தொடாமல், பின்பிரேக்கை மட்டும் தடவிக் கொடுப்பதுபோல் பிடிப்பதே நல்லது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. வழுக்கலைப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டாம். ஆனால் எல்லா ஈரமும் ஒன்றல்ல. பல நாள் வெயிலுக்குப் பிறகு தூறுகிற முதல் கால்மணி நேரம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் டயர்ப் பொடியும் தூசியும் தண்ணீரோடு குழைந்து ஒரு பசையாகும். மழை வலுத்துக் கழுவிவிட்டால் தார் ஓரளவு நல்ல பிள்ளையாகிவிடும். வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, மார்த்தாண்டம் மேம்பாலம் போன்ற பாலங்களில் குறுக்கே வரும் இணைப்பு இரும்பு, லெவல் கிராசிங் தண்டவாளம் ஆகியவை நனைந்தால் தாரோடு சேர்த்துப் பேசவே கூடாது. அவற்றைக் குறுக்காக, செங்கோணத்தில், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

தெற்கே கடற்கரைச் சாலையில் போனால் தாரின் மேல் காற்று கொண்டுவந்து போட்ட மணல். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர் தோட்ட நிழலில் வெயிலே படாத சிமெண்ட் ரோடு. அதில் பச்சைப் பாசி. தென்மேற்குப் பருவமழையில் பூஞ்சை நோய் தாக்கினால் ரப்பர் மரங்கள் வழக்கத்துக்கு மாறாக இலை உதிர்க்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த இலைகள் சாலையில் ஒட்டி, நசுங்கி, ஈரத்தோடு கிடக்கும். பாசி மேல் இலை, இலை மேல் தூறல். ஐஸுக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பேச்சிப்பாறை வரை போனாலே போதும்.

“அண்ணே, பட்டன் டயர் போட்டா வழுக்காதுல்லா?” என்று கேட்பவர்கள் உண்டு. மேலே ரப்பர் குமிழ்கள் துருத்தி நிற்கும் டயர் அது. தாரில் உதவாது. காரின் டயரில் வெட்டு இருப்பது, அகலமான டயருக்கு அடியில் தண்ணீர் சிக்கி வண்டியை மிதக்கவிடாமல் வெளியேற்றுவதற்கு. மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது, 60 பி.எஸ்.ஐ. வைத்த டயருக்கு அது மணிக்கு 130 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. சைக்கிளில் அந்த வேகத்தை யாரும் தொடப்போவதில்லை. ஆகவே ஈரத் தாரில் வழவழ டயரே போதும். பட்டன் வைத்தால் சாலையைத் தொடும் ரப்பர்தான் குறையும். மழை நாளில் செய்ய வேண்டியது காற்றைக் கொஞ்சம் குறைப்பது. 28 மில்லிமீட்டர் டயரில் 100-க்குப் பதில் 75 வைத்தால் தொடும் இடம் மூன்றில் ஒரு பங்கு கூடும். டயரும் மேடுபள்ளத்தில் துள்ளாமல் ஒட்டிப் போகும். வளையத்தைக் கவ்வும் பழைய வகை பிரேக் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சக்கரத்தின் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். இறக்கத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

இனி ஐஸ். குமரியில் சாலையோரம் ஐஸ் பார்க்க ஒரு வழி உண்டு. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி இறக்கும்போது நின்று கவனியுங்கள். அச்சிலிருந்து எடுத்த புதுக் கட்டி கையில் சற்று ஒட்டும். அதே கட்டி கொஞ்ச நேரம் வெளியே கிடந்து மேலே நீர் கோர்த்துவிட்டால் பிடி கொடுக்காது. ஐம்பது கிலோ கட்டியை ஒரே ஆள் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே இருப்பது ஒரே ஐஸ்தான். மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய நீர்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? எடையின் அழுத்தத்தால் ஐஸ் உருகுகிறது என்று பலகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு அதற்கு ஒத்துவராது. உருகுநிலையை 1 டிகிரி இறக்கக் கிட்டத்தட்ட 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். நம் டயரில் இருப்பது 7. அது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குதான் இறக்கும். ஐஸின் மேற்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் தானாகவே இருக்கும் என்று 1850-இலேயே மைக்கேல் ஃபாரடே சொன்னார். சறுக்கும்போது உராய்வுச் சூடும் அதைக் கூட்டுகிறது. இதிலிருந்து ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பாடம் எதிர்பாராதது: கடுங்குளிர் நாள் அவ்வளவு பயங்கரம் இல்லை. மைனஸ் 20-இல் பிடிமானம் கொஞ்சம் கூடுகிறது. பூஜ்யத்தை ஒட்டி, பகலில் உருகி இரவில் உறையும் நாள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

குளிர் டயரையும் மாற்றும். சாதாரண சாலை டயரின் ரப்பர் கலவை உறைநிலையை நெருங்கும்போது விறைக்கிறது. விறைத்த ரப்பர் மேடுபள்ளத்துக்குள் அமுங்காது. குளிர்கால டயர்களின் கலவையில் இயற்கை ரப்பரின் பங்கைக் கூட்டுவது அதனால்தான். மரத்துப் பால் ரப்பர் மைனஸ் 60 டிகிரிக்குக் கீழேதான் கண்ணாடிபோல் இறுகும். குலசேகரத்தில் விடியுமுன் பால் வெட்டுகிறவர் வாழ்நாளில் பனியைப் பார்த்திருக்கமாட்டார். பனியில் வேலை செய்வதற்கு அவர் எடுக்கும் சரக்குதான் தோதாக இருக்கிறது. காற்றழுத்தமும் குளிரில் இறங்கும்: வீட்டுக்குள் 20 டிகிரியில் 70 பி.எஸ்.ஐ. அடித்து, மைனஸ் 10-இல் வெளியே நிறுத்தினால் 61 ஆகிவிடும்.

எவ்வளவு மென்மையான ரப்பரும் ஈர ஐஸில் தோற்கும். அங்கே வேலைக்கு ஆவது ஆணி டயர் ஒன்றுதான். டங்ஸ்டன் கார்பைடால் செய்த சின்னச் சின்ன முனைகள் ரப்பரில் பதிந்திருக்கும். அவை ஐஸைக் கீறிப் பிடிக்கும். வெறும் எஃகு முனை என்றால் தாரில் உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இவை பெரும்பாலும் 30 மில்லிமீட்டருக்கு மேல்தான் கிடைக்கின்றன. பழைய ரோடு சைக்கிளின் ஃபோர்க்குக்கும் பிரேக்குக்கும் நடுவில் 28-க்கு மேல் நுழையாது. வண்டி வாங்கும்போதே இந்த இடைவெளியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அல்லது பனிக்காலத்துக்கென்று அகல டயர் போடக்கூடிய மலிவு வண்டி ஒன்று வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு ஆணி டயர் வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் அது முன்சக்கரத்துக்கு. காரணம் மேலே சொன்னதுதான்.

பனி வேறு கதை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதுப்பனியை மெல்லிய டயர் வெட்டிக்கொண்டு அடியில் உள்ள தாரைத் தொட்டுவிடும். பட்டன் டயர் பயன்படுவதும் பனியில்தான். கெட்டது, கார்கள் மிதித்துக் குழைத்த பனிச்சேறு இரவில் வரிவரியாக உறைந்து நிற்பது. அந்த வரியில் முன்சக்கரம் இறங்கினால் திருப்ப முடியாது. புதுப்பனிக்கு அடியில் பழைய ஐஸ் ஒளிந்திருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. அதைவிட ஏமாற்றுவது, நனைந்த தார்போலவே தெரியும் கண்ணாடி ஐஸ். பாலங்களின் மேல் அது முதலில் பிடிக்கும். மேலும் கீழும் காற்று வீசுவதால் பாலம் மண்ணின் சூடு கிடைக்காமல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நிழல் திருப்பங்களும் அப்படியே. தெரியாமல் அதன்மேல் ஏறிவிட்டால் பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம், மிதிப்பதையும் நிறுத்தி, உடம்பைத் தளர்த்தி, நேராக உருண்டு வெளியே வர வேண்டும். ஷூவைப் பூட்டும் பெடலைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பெடல் போட்டு, சீட்டைச் சற்று இறக்கி வைத்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம்.

முடியாத காரியம் என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தில் ஊலு என்று ஒரு நகரம், வட அட்சம் 65-இல் இருக்கிறது. அங்கே குளிர்காலம் முழுக்கச் சைக்கிளில் போகிறார்கள். பனிக்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று நடந்த முதல் சர்வதேச மாநாடும் 2013-இல் அங்கேதான். சைக்கிள் பாதைப் பனியை விடியுமுன் ஒதுக்கி, இறுகிய படலத்தின் மேல் பொடி ஜல்லி தூவிவிடுவார்கள். குளிர் ஒரே சீராக இருப்பதால் அந்தப் படலம் உருகி உறைவதில்லை. ஆகவே பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்பதைவிட, அந்த ஊரில் வெப்பநிலை பூஜ்யத்தை எத்தனை முறை தாண்டித் தாண்டி வருகிறது, பாதையை யார் எப்போது சுத்தம் செய்கிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். மழையாக விழுந்து தரையில் உறையும் நாளாக இருந்தால் அம்மா சொன்னதே சரி, பஸ்தான்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது, நல்ல கையுறை வேண்டும். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும், விளக்கு வேண்டும்.

வண்டிக்கு எமன் உப்பு. பல ஊர்களில் ஐஸ் பிடிக்காமலிருக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் நிற்கக்கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சாலையில் மைனஸ் 10 பக்கமே அதன் வேகம் குறைந்துவிடும். அந்த உப்புச்சேறு செயினில் ஏறினால் ஓரிரு நாளில் துரு. இதை முட்டத்திலோ குளச்சலிலோ சைக்கிள் வைத்திருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்காற்று வருஷம் முழுக்க அதைத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடவும். ஈரத்தோடு வெளியே நிறுத்தக்கூடாது; பிரேக் வயருக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து, காலையில் பிரேக் பிடியை அழுத்தினால் அசையாது.